அரும்புல உக்கார வெச்ச ஒடியாப் பொண்ணு

கடைப்பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. கஸ்டமர் ஆடிட், அதுக்கு முன்னாடி இன்டர்னல் ஆடிட், அதுக்கும் முன்னாடி ஆடிட்டுக்கு ரெடியாகறதுக்கு ஒரு ஆடிட். இந்தப் பதிவையும் ஒரு ஆடிட் கதைல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆனா விஷயம் ஃபேக்டரி இல்ல, பள்ளிக்கூடம். கொஞ்சம் நீளமாப் போகும். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

நான் ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனில க்வாலிட்டி பாக்கறவன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். எங்க வீட்டு தங்கமணி அதே ஏரியால ஒரு அரசு தொடக்கப் பள்ளி டீச்சர். எந்தக் கம்பெனி, எந்த ஸ்கூல்னு கேக்காதீங்க. ரெண்டு பேருக்கும் இன்னும் பல வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு.

எங்க லைன்ல இருந்து போன ஒரு பார்ட்டுல ஒரு க்ளிப் தலைகீழா மாட்டியிருந்தது. கஸ்டமர்கிட்ட இருந்து கம்ப்ளெய்ண்ட். வழக்கம்போல நான் காரணம் எழுதினேன்: "ஆபரேட்டரின் கவனக்குறைவு. மறுபயிற்சி அளிக்கப்பட்டது." இப்படி எழுதியே நான் பல வருஷம் சம்பளம் வாங்கியிருக்கேன். வந்த ஆடிட்டர் விவரமான மனுஷன். நேரா லைனுக்குப் போனார். மெஷின் மேல மாட்டியிருந்த வேலைக்குறிப்பு ஷீட்டைக் காட்டி, அங்க நின்ன ஒடிசா பையன்கிட்ட மூணாவது வரியைப் படிக்கச் சொன்னார். ஷீட் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருந்தது. பையன் சிரிச்சான். வேற என்ன பண்ணுவான்? ஆடிட்டர் என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை யார் படிக்கணும்னு மாட்டி வெச்சிருக்கீங்க?"

பெரிய என்.சி. எழுதிட்டுப் போயிட்டார். ஒரு வாரத்துல ஃபோட்டோ போட்டு, ஒடியாலயும் இந்திலயும் ரெண்டு ரெண்டு வார்த்தை போட்டு ஷீட்டை மாத்தினோம். அதுக்கப்புறம் அந்த க்ளிப் தலைகீழாப் போகவே இல்ல. பையன் அதே பையன்தான்.

இதை வீட்ல காமெடியாச் சொன்னேன். தங்கமணி சிரிக்கல. "எங்க க்ளாஸ்லயும் இதேதான் நடந்திட்டிருக்கு"ன்னா. அப்புறம் அந்தப் பொண்ணு கதையச் சொன்னா.

ரெண்டாம் வகுப்பு. ஒடிசால பலாங்கீர் பக்கம். அப்பா ஒரு பில்டிங் கான்ட்ராக்டர்கிட்ட சென்ட்ரிங் வேலை, அம்மா ஒரு கம்பெனில ஹவுஸ்கீப்பிங். ஜூன்ல சேந்தது. அக்டோபர் வரைக்கும் வாயே திறக்கல. அடிச்சா அழும், கூப்பிட்டா திரும்பும், அதனால காது கேக்குதுன்னு தெரியும். அவ்வளவுதான். 2022-ல இருந்து நம்ம அரசுப் பள்ளிகள்ல "எண்ணும் எழுத்தும்" நடக்குது இல்லையா, அதுல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பிரிப்பாங்க. இந்தப் பொண்ணு தமிழ்ல அரும்பு. இங்கிலீஷ்ல அரும்பு. கணக்குலயும் அரும்பு. நாலு மாசமா ஒரு அசைவும் இல்லைன்னதும் தங்கமணி, அடுத்த தடவை சிறப்பாசிரியர் வரும்போது காட்டிடலாம்னு பேரை எழுதி வெச்சுட்டா. அதாவது, மனவளர்ச்சில ஏதோ குறைபாடு இருக்கலாம்னு சந்தேகம்.

அந்தச் சனிக்கிழமை அண்ணாச்சி கடைல அதே பொண்ணு. அம்மா இடுப்புல கைக்குழந்தை. சாமான் 137 ரூபா. 200 ரூபா நோட்டு குடுத்தாங்க. அண்ணாச்சி கூட்டத்துல கவனிக்காம 53 ரூபாயத் திருப்பிக் குடுத்துட்டார். இது கைல இருந்த காசைப் பாத்துது, விரலை மடக்கிச்சு, "தஸ், தஸ்"னு ஒரு சண்டை போட்டுது பாருங்க, பத்து ரூபா வாங்காம நகரல. அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே, "டீச்சர், இந்தப் பாப்பா கணக்குல புலி. அவுங்கம்மாவுக்கே இதுதான் கணக்குப் புள்ள"ன்னாராம்.

கணக்குல அரும்பு!

அன்னிக்கு ராத்திரி தங்கமணி தூங்கல. பேரை எழுதி வெச்ச நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தையே பாத்துட்டிருந்தா. நான் எழுதின "ஆபரேட்டரின் கவனக்குறைவு"க்கும் அதுக்கும் எழுத்துல கூட பெரிய வித்தியாசம் இல்ல.

இப்ப என் வாதத்துக்கு வரேன். தங்கமணி மேல தப்பு இல்ல. (பொண்டாட்டிக்கு ஜால்ரான்னு ஆரம்பிக்காதீங்க, முழுசாப் படிங்க.) அவ ரெண்டு வருஷம் ஆசிரியர் பட்டயப் படிப்பு படிச்சா. சர்வீஸ்ல சேந்தப்புறம் வருஷா வருஷம் ட்ரெய்னிங் போறா. தமிழே தெரியாத ஒரு ஏழு வயசுப் பிள்ளை க்ளாஸ்ல வந்து உக்காந்தா முதல் நாள் என்ன பண்ணணும்னு ஒரு மணி நேரம் கூட யாரும் சொல்லித் தந்ததில்லைன்னு சொல்றா. அவளுக்குத் தமிழ் நடத்தத் தெரியும். வீட்ல தமிழ் பேசிட்டு வர்ற பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லிக் குடுக்கத் தெரியும். தமிழே காதுல விழாம வளந்த பிள்ளைக்குத் தமிழைச் சொல்லிக் குடுக்கறது வேற தொழில். வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் உள்ள வித்தியாசம் அது.

எங்க ஏரியா எப்படி மாறிச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். ஸ்ரீபெரும்புதூர்னா ஒரு காலத்துல ராமானுஜர் அவதரிச்ச ஊர், 1991-க்கு அப்புறம் ராஜீவ் காந்தி நினைவிடம். 1998-ல இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய் கார் வெளிய வந்தது. 2006-ல நோக்கியா வந்தது, 2014-ல மூடிட்டுப் போச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2013-ல ராயல் என்ஃபீல்டு, நடுவுல டயரு, லாரி, கண்ணாடி. வல்லக்கோட்டை முருகனைப் பாக்கப் போற வழில முன்னாடி வயலும் ஏரியும் இருந்தது, இப்ப கன்டெய்னர் லாரிதான் வரிசைல நிக்குது. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கறதுக்கு 706.50 கோடி ரூபாய்ல விடுதி திறந்தாங்க. நல்ல விஷயம், குறை சொல்லல. ரோடு போட்டாச்சு, கரண்ட் குடுத்தாச்சு, கட்டில் கூட எண்ணிப் போட்டாச்சு. ஆனா குடும்பத்தோட வர்றவன் பிள்ளையக் கூட்டிட்டுத்தானே வருவான்? அந்தப் பிள்ளைக்கு எதிர்ல நிக்கப்போற டீச்சரை யார் கணக்குலயும் எழுதல.

"எல்லாம் இந்திக்காரப் பசங்க"ன்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்லிடுவாங்களாம். இதுதான் முதல் தப்பு. தங்கமணி க்ளாஸ்ல தமிழ் இல்லாத பிள்ளைங்க ஏழு பேர். கணக்கெடுத்தா ஒடியா மூணு, போஜ்புரி ரெண்டு, பெங்காலி ஒண்ணு, நேபாளி ஒண்ணு. போஜ்புரி பேசற பிள்ளைக்கே இந்தி பள்ளிக்கூடத்து பாஷைதான், வீட்டு பாஷை இல்ல. அந்த ஒடியா பொண்ணுகிட்ட ஹெச்.எம். தனக்குத் தெரிஞ்ச இந்தில "நாம் க்யா ஹை"ன்னு கேட்டுப் பாத்து, பதில் வராததால "இந்தியும் தெரியல, பாவம் மந்தம்"னு முடிவு பண்ணியிருக்கார். டெல்லில நம்மள எல்லாம் "மதராஸி"ன்னு சொன்னா பதிவு மேல பதிவு போட்டுக் கிழிக்கறோம். இங்க நாமளே ஒடிசா, பீகார், பெங்கால், நேபாளம் எல்லாத்தையும் ஒரே வார்த்தைல போட்டு மூடறோம்.

இன்னொண்ணும் சொல்லணும். வெளிமாநிலத்துப் பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி க்ளாஸ் என்னமோ ஒரே மாதிரி இருந்ததுன்னு நெனைக்கறதும் பொய். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருளர் குடியிருப்பு எத்தனை இருக்கு? அவங்களுக்குன்னு ஒரு பேச்சு இருக்கு. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் அப்பா அம்மாவோட போற பிள்ளைங்க, பாதி வருஷம் க்ளாஸ்ல இருக்காது. அந்தப் பிள்ளையும் கடைசி பெஞ்சுல வாய் திறக்காமத்தான் உக்காந்திருந்தது. தமிழ்ப் பிள்ளைங்கற பேர்ல நாம அதைக் கவனிக்கல. இப்ப ஒடியா பொண்ணு வந்து அதே பெஞ்சுல உக்காந்ததும்தான் பெஞ்சே கண்ணுக்குத் தெரியுது.

சரி, ட்ரெய்னிங் ட்ரெய்னிங்கறியே, அதுல என்னத்தைச் சொல்லித் தரணும்னு கேப்பீங்க. "பன்முகத்தன்மையை மதிப்போம்"னு ப்ரொஜெக்டர் போட்டு, உறுதிமொழி எடுத்து, வடையும் டீயும் குடுத்து அனுப்பற ட்ரெய்னிங் வேண்டவே வேண்டாம். எங்க கம்பெனிலயும் அப்படி வருஷத்துக்கு நாலு நடக்குது. நான் சொல்றது சுத்தமான தொழில் விஷயம். தங்கமணி இப்ப அதுவா கத்துக்கிட்டு வர்றதுல இருந்தே சில உதாரணம் தரேன். நம்ம பதிவர்கள்ல மொழி ஆர்வலர்கள் ஜாஸ்தி, உங்களுக்குப் பிடிக்கும்.

அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சதும் ஒரு நாள் "மிஸ் வந்தான்"னு சொல்லியிருக்கு. க்ளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. பக்கத்து க்ளாஸ் டீச்சர் மரியாதை தெரியல பாருன்னு திட்டினாங்க. விஷயம் என்னன்னா, ஒடியால அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான். வினைல ஆண் பெண்ங்கற வித்தியாசமே கிடையாது. பெங்காலிலயும் அப்படித்தான். வந்தான், வந்தாள், வந்தார், வந்ததுன்னு நாம நாலு முடிவு வெச்சிருக்கோமே, அதுல எது முதல்ல காதுல விழுந்ததோ அதை அது எல்லாத்துக்கும் போட்டுடுது. இது மரியாதைக் குறைவும் இல்ல, மந்தமும் இல்ல. இது தெரிஞ்ச டீச்சர் திட்ட மாட்டாங்க, "மிஸ் வந்தாங்க"ன்னு திருப்பிச் சொல்லிட்டு அடுத்த வேலையப் பாப்பாங்க.

அடுத்து எழுத்து. இந்திலயும் ஒடியாலயும் க, க்ஹ, க, க்ஹன்னு (நம்ம எழுத்துல எழுதவே முடியல பாருங்க, அதான் பிரச்சனையே) நாலு தனி எழுத்து. நம்ம கிட்ட ஒரே "க". கடல்ல ஒரு ஓசை, பகல்ல இன்னொரு ஓசை. தமிழ்ப் பிள்ளைக்கு வார்த்தை ஏற்கனவே தெரியும், அதனால ஓசை தானா வரும். வார்த்தையே தெரியாத பிள்ளை எதை வெச்சு முடிவு பண்ணும்? "பகல்"னு டீச்சர் போர்டுல எழுதிப் படிச்சதும் பின்னாடி இருந்து ஒரே சிரிப்பாம். பாகல்னா அவங்க ஊர்ல பைத்தியம்! ஒடியாலயும் கிட்டத்தட்ட அதேதான். நாலு பிள்ளைங்க எதுக்குச் சிரிக்குதுன்னு தெரியாம டீச்சர் முட்டி போட வெச்சா, அன்னிக்கோட அந்தப் பிள்ளைங்களுக்குத் தமிழ் மேல இருந்த ஆசை போச்சு.

ஒடியா பிள்ளைக்கு நம்ம "ள" சுலபம், அவங்க மொழிலயே அந்த ஓசை இருக்கு. இந்திப் பிள்ளைக்கு அது கஷ்டம். கொம்பு முன்னாடி போடறது, "கொ"வுல ரெண்டு பக்கமும் குறி வர்றது இதெல்லாம் ஒடியா எழுத்துலயும் இருக்கு. ஊர்ல ஒரு வருஷம் ஸ்கூல் போன ஒடியா பிள்ளை இதைச் சட்டுனு பிடிச்சுக்கும். எ, ஏ வித்தியாசம் இந்தி எழுதற பிள்ளைக்குப் புதுசு. "ழ" எல்லாருக்கும் கஷ்டம். (நம்ம ஊர்லயே பாதிப் பேருக்குக் கஷ்டம், அதை விடுங்க.) ஆக "வெளிமாநிலப் பிள்ளை"ன்னு ஒரே மருந்தை எல்லாருக்கும் குடுக்க முடியாது. யாருக்கு எது வரும், எது வராதுன்னு ஒரு பக்கத்துல எழுதி டீச்சர் கைல குடுத்தா போதும். எங்க கம்பெனி பாஷைல சொன்னா, ஒரு ஷீட்.

எல்லாத்தையும் விடப் பெரிய சிக்கல் நம்ம தமிழே ரெண்டு தமிழா இருக்கறது. பிள்ளை தெருவுல "உக்காரு", "துன்னுட்டியா", "இன்னா"ன்னு கத்துக்கும். (வேற சிலதும் கத்துக்கும், ஷேர் ஆட்டோ உபயம்.) புத்தகத்தைத் திறந்தா "அமர்ந்தான்", "உண்டான்". தமிழ்ப் பிள்ளைக்கே இது ஒரு தாவல். இந்தப் பிள்ளை ரெண்டு மொழியை ஒரே நேரத்துல கத்துக்குது, அது ரெண்டும் ஒரே மொழின்னு அதுகிட்ட யாரும் சொல்லல! முதல்ல பேச்சு, அதுல காலூனினப்புறம் புத்தகம்னு போகணும்ங்கறது டீச்சருக்குத் தெரியணும். கனடால ஜிம் கம்மின்ஸ்னு ஒருத்தர், குடியேறின பிள்ளைங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணி ரொம்ப வருஷம் முன்னாடியே சொல்லிட்டார்: விளையாட்டுப் பேச்சு மொழி ரெண்டு வருஷத்துல வந்துடும், பாடம் படிக்கற மொழி வர அஞ்சுல இருந்து ஏழு வருஷம் ஆகும். அதனாலதான் "நல்லாத்தான் தமிழ் பேசறான், படிக்க மட்டும் மாட்டேங்கறான், சோம்பேறி"ங்கறது டீச்சருங்க அடிக்கடி சொல்ற, அடிக்கடி தப்பாப் போற தீர்ப்பு.

இதெல்லாம் புதுசா கண்டுபிடிக்கணுமா? அதுதான் இல்ல. மைசூர்ல இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-ல ஆரம்பிச்சாங்க. அதோட தென்மண்டல மையத்துல, வேற மொழி பேசற ஆசிரியர்களுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளத்தைப் பத்து மாசத்துல சொல்லித் தர்றதையே ஒரு படிப்பா நடத்திட்டு வந்திருக்காங்க. தமிழே தெரியாத ஆளுக்குத் தமிழை எப்படிச் சொல்லித் தர்றதுங்கற வித்தை அங்க அரை நூற்றாண்டா இருக்கு. இன்னொரு பக்கம், 2001-ல வெளிநாட்டுத் தமிழர்களுக்காகத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கினோம், இப்ப அது தமிழ் இணையக் கல்விக்கழகம். 2022-ல தமிழ்ப் பரப்புரைக் கழகம் வேற. நியூஜெர்சில வளர்ற பிள்ளை வீட்ல இங்கிலீஷ் பேசுது, அதுக்குத் தமிழ் எப்படிக் குடுக்கலாம்னு உக்காந்து யோசிச்சு, பாடம் எழுதி, ஒலி சேத்து வெச்சிருக்கோம். நல்லது. ஒரகடத்துல வீட்ல ஒடியா பேசற பிள்ளைக்கும் அதே பிரச்சனைதான். அது நம்ம அரசுப் பள்ளிலயே உக்காந்திருக்கு. விசா கூட வேண்டாம்.

பி.எட். படிக்கறவங்களுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்ல. 2015-ல இருந்து அது ரெண்டு வருஷப் படிப்பாச்சு, எல்லாப் பாடத்துக்குள்ளயும் மொழி எப்படி வேலை செய்யுதுங்கறதுக்குன்னே ஒரு தாளும் சேந்தது. ஆனா பரீட்சைக்கு ரெண்டு எட்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ற தாள், ஏழு வயசுப் பிள்ளை முன்னாடி நிக்கும்போது கைகுடுக்குமான்னு நீங்களே சொல்லுங்க.

பக்கத்து மாநிலம் என்ன பண்ணிச்சுன்னு பாப்போம். கேரளால எர்ணாகுளம் மாவட்டத்துல 2017-ல "ரோஷ்னி"ன்னு ஒரு திட்டம். பெங்காலி, ஒடியா, இந்தி தெரிஞ்ச உள்ளூர் ஆளுங்களையே தன்னார்வலரா எடுத்தாங்க. வழக்கமான வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம், காலைச் சாப்பாட்டோட. பிள்ளையோட மொழில பேச்சை ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல மலையாளத்துக்கு நகத்தறதுதான் முறை. நம்ம கிட்ட காலைச் சாப்பாடு 2022-லயே வந்தாச்சு. (அந்தப் பொண்ணு க்ளாஸ்ல சொன்ன முதல் தமிழ் வார்த்தை "பொங்கல்". ரெண்டாவது, "இன்னும்".) அதாவது சமையல் ஆச்சு, பிள்ளையும் சீக்கிரம் வந்து உக்காந்தாச்சு, அந்த நேரத்துல கூட உக்காந்து பேச ஆள்தான் இல்ல.

ஒடிசாவே 2007-ல பழங்குடிப் பிள்ளைங்களுக்காகப் பத்து தாய்மொழிகள்ல முதல் வகுப்பைத் தொடங்கிச்சு, அப்புறம் 21 மொழி வரைக்கும் போச்சு. ஒரு ஏழை மாநிலம், தன் ஊர்ப் பிள்ளைக்கு ஒடியா கூடப் புரியாதுன்னு ஒத்துக்கிட்டு வேலை பாத்திருக்கு. நம்ம திருவள்ளூர் செங்கல் சூளைகள்லயும் இது நடந்திருக்கு. 2010-களில் அங்க சூளைக்கு வந்த ஒடியா பிள்ளைங்களுக்காக ஒடிசால இருந்தே பாடப்புத்தகம் வரவழைச்சு, ஒடியா தெரிஞ்சவங்களை வெச்சு வகுப்பு நடத்தினாங்க. ஆனா சூளைப் பிள்ளை சீசன் முடிஞ்சா ஊருக்குத் திரும்பும், அதுக்கு ஒடியாப் புத்தகம் சரி. ஒரகடத்துப் பிள்ளை திரும்புமா, இங்கயே ப்ளஸ் டூ முடிக்குமா, ஓசூருக்கோ ஸ்ரீசிட்டிக்கோ மாறுமான்னு அதோட அப்பனுக்கே தெரியாது. அதனால இங்க ரெண்டும் வேணும். தமிழும் ஒழுங்கா வரணும், அது வர்ற வரைக்கும் கணக்கு காத்துட்டிருக்கவும் கூடாது.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது இந்தக் கடைசி வரிதான். கணக்கைத் தமிழ்ல இருந்து பிரிச்சுப் பாக்கற கண்ணு டீச்சருக்கு வேணும். "ராமு 5 மாம்பழம் வாங்கினான், 2 சாப்பிட்டான்"னு கேட்டு, பதில் வரலைன்னா அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியலைன்னு எழுதறது அநியாயம். புளியங்கொட்டையைக் கொட்டிக் காட்டிக் கேக்கலாமே? தங்கமணி அதைத்தான் பண்ணினா. திங்கக்கிழமை ஒரு டப்பா புளியங்கொட்டை எடுத்துட்டுப் போனா. ஒரு வார்த்தை பேசாம, சைகைலயே கூட்டல், கழித்தல், ரெண்டு ரெண்டாப் பிரிக்கறது. ஏழு பேர்ல நாலு பேர் கணக்குல மலருக்குப் போயிட்டாங்க. அரை மணி நேர வேலை. இதைச் சொல்லித் தர யாருக்கும் பத்து மாசம் வேண்டாம்.

இனி வழக்கமான கேள்விகளுக்கு வரேன், பின்னூட்டத்துல வரும்னு தெரியும்.

"இங்க பொழைக்க வந்தவன் தமிழ் கத்துக்கட்டும்." ஐயா, நானும் அதைத்தான் சொல்றேன்! 2006-ல தமிழ் கற்றல் சட்டம் போட்டோம். 2006-07-ல ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிச்சு, வருஷத்துக்கு ஒரு வகுப்பா, 2015-16-ல பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழைக் கட்டாயமாக்கினோம். நான் அதை ஆதரிக்கறவன். ஆனா எல்லாப் பிள்ளையும் தமிழ் படிக்கணும்னு சட்டம் போட்டா, தமிழ் தெரியாத பிள்ளைக்கு அதைச் சொல்லித் தர்ற வித்தையையும் டீச்சருக்குக் குடுக்கணும் இல்லையா? சட்டத்தைப் பிள்ளை தலைல வெச்சுட்டு வித்தைய மைசூர்லயே விட்டுட்டோம்.

"இது இந்தியப் பின்வாசல் வழியா கொண்டு வர்ற வேலை." இல்லவே இல்ல. 1968-ல இருந்து இருக்கற இருமொழிக் கொள்கைல ஒரு கமா கூட மாற வேண்டாம். டீச்சர் இந்தி படிக்கணும்னு நான் சொல்லல. சொல்லப்போனா, இந்தி தெரிஞ்சா போதும்ங்கற நெனைப்புதான் அந்த ஒடியா பொண்ணை மந்தம்னு முத்திரை குத்திச்சு. தண்ணி, பசி, வலி, பாத்ரூம், வீட்டுக்குப் போகணும் மாதிரி முப்பது நாப்பது சொல் அந்தந்தப் பிள்ளை மொழில டீச்சருக்குத் தெரிஞ்சா போதும். பாடம் தமிழ்லதான்.

"டீச்சருங்களுக்கு ஏற்கனவே வேலை ஜாஸ்தி." இது நியாயமான கேள்வி, இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. தங்கமணி ராத்திரி பத்து மணிக்கு எமிஸ்ல என்ட்ரி போடறதை நான் தினம் பாக்கறேன். ஏற்கனவே இருக்கற ட்ரெய்னிங்ல ரெண்டு நாளை எடுத்து இதுக்குக் குடுக்கணும், மேல ஒண்ணைச் சுமத்தக் கூடாது. அதையும் ஒன்றியத் தலைமையிடத்துல வெச்சு நடத்தாம, இந்த மாதிரிப் பிள்ளைங்க இருக்கற ஸ்கூல்லயே, அந்தப் பிள்ளைங்களை உக்கார வெச்சு நடத்தணும். எல்லா டீச்சருக்கும் அவசரம் இல்ல. மாத்தூர், மாம்பாக்கம், வல்லம், ஒரகடம், படப்பைன்னு நூல் பிடிச்ச மாதிரி எந்தெந்த ஊர்னு நமக்குத் தெரியும், அங்க இருந்து ஆரம்பிக்கலாம். கூட உக்காந்து பேச ஆள் வேணும்னா, அதே லைன் வீட்ல பத்தாவது பன்னெண்டாவது படிச்சுட்டுப் புருஷனோட வந்து சும்மா உக்காந்திருக்கற பொண்ணுங்க இருக்காங்க. 2021-ல இல்லம் தேடிக் கல்விக்கு ஊர் ஊராத் தன்னார்வலர் தேடிக் கண்டுபிடிச்ச அரசாங்கத்துக்கு இது பெரிய வேலையா என்ன?

அரசு சும்மா இருக்குன்னும் நான் சொல்லல. "தமிழ் மொழி கற்போம்"னு வெளிமாநிலப் பிள்ளைங்களுக்காகவே ஒரு முயற்சி ஆரம்பிச்சிருக்காங்க. ரொம்ப சந்தோஷம். அது பிள்ளைக்குக் குடுக்கற புத்தகமா மட்டும் நின்னுடாம, டீச்சருக்குக் குடுக்கற பயிற்சியாவும் ஆகணும்ங்கறதுதான் என் கவலை.

இந்தப் பக்கத்து பிள்ளைங்க பயத்தோட எப்படி வாழுதுன்னும் நாம பாத்தோம். 2023 பிப்ரவரி, மார்ச்ல பீகார்க்காரங்களைத் தமிழ்நாட்ல அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவிச்சே, அந்த வாரம் தங்கமணி க்ளாஸ்ல அப்ப இருந்த போஜ்புரிப் பிள்ளைங்க யாரும் வரல. ஹோலி முடிஞ்சும் ரெண்டு பேர் வரவே இல்ல. வந்த ஒரு பையன் கிட்ட டீச்சர் ஏதாவது சொல்லணும். என்ன சொல்றது, எந்த மொழில சொல்றது? தலைல கைய வெச்சுட்டு "பயப்படாதே"ன்னு தமிழ்லயே சொன்னாளாம். அவனுக்குப் புரிஞ்சுதான்னு தெரியாதுங்கறா.

மும்பைல நம்ம தாராவிப் பிள்ளைங்களுக்கு அந்த ஊர் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிக்கூடமே நடத்திட்டு வந்திருக்கு. எட்டு மொழில பள்ளி நடத்தற மாநகராட்சி அது. சிவசேனா ஆண்ட காலத்துலயும் நடந்தது. திருநெல்வேலில இருந்து பொழைக்கப் போனவன் பிள்ளை அங்க "அ, ஆ" எழுதினப்போ நமக்கு அது பெருமையா இருந்தது. நான் ஒடியாவழிப் பள்ளி கேக்கல. நம்ம டீச்சருக்கு ரெண்டு நாள் பயிற்சி கேக்கறேன்.

அந்தப் பொண்ணு? போன மாசம் அப்பாவுக்குச் சைட்டு மாறிடுச்சு, டி.சி. கேட்டு வந்தார். ராமானுஜரைத் திருக்கோஷ்டியூர் நம்பி பதினெட்டு தடவை நடக்க வெச்சாராம்னு எங்க ஊர்ல கதை சொல்லுவாங்க. இந்த மனுஷன் ஆதார்ல பேர் தப்பு, எமிஸ்ல பேர் வேறன்னு அஞ்சு தடவை நடந்துட்டார், இன்னும் முடியல. கல்வி உரிமைச் சட்டத்துல டி.சி. தாமதமானாலும் புது ஸ்கூல் சேத்துக்கணும்னு இருக்கு, ஆனா அந்த ஊர்ல இதை யார் அவருக்காகப் பேசுவா? தங்கமணி ஒரு வெள்ளைப் பேப்பர்ல புது டீச்சருக்கு நாலு வரி எழுதிக் குடுத்தா: வீட்டு மொழி ஒடியா, இந்தி இல்ல. கணக்கு மலர். தமிழ் மொட்டு. பேச வைக்க அவசரப்பட வேண்டாம், பேசும்.

இப்ப ஒரு உதவி. தங்கமணி ஒரு நோட்டு போட்டிருக்கா. ஒடியால தண்ணிக்குப் பாணி, சோத்துக்குப் பாத்தொ, உக்காருக்கு பொஸொ, ஏகொ துய் தினி சாரி பாஞ்சொ வரைக்கும் வந்தாச்சு. பெங்காலிலயும் போஜ்புரிலயும் ஏதோ ஓடுது. நேபாளி பக்கம் காலியா இருக்கு. சிலிகுரி, டார்ஜிலிங், காட்மாண்டு பக்கம் வேலை பாத்த பதிவர்கள் யாராவது இருந்தா, "வயிறு வலிக்குதா", "யார் அடிச்சா", "அம்மா எப்ப வருவாங்க" இந்த மூணுக்கும் நேபாளில என்னன்னு தமிழ் எழுத்துல எழுதிப் போடுங்க. திங்கக்கிழமைக்குள்ள வேணும்.